செத்த வண்டுகள் நடித்த காதல் கதை: டார்க் காமெடி ஸ்டாப் மோஷன் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக நண்பர்களைக் கூட்டிவைத்து ஸ்டாப் மோஷன் படங்களைப் போட்டுக் காட்டிவருகிறேன். அதிலும் சாவையும் சிரிப்பையும் ஒரே தட்டில் வைக்கும் படங்கள்தான் எனக்கு உயிர். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்றுகொண்டு பாதி பதில் சொல்லி அனுப்புவதற்குப் பதில், உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

ஸ்டாப் மோஷன்னா என்ன? கயிறு கட்டிப் பொம்மையை ஆட்டுறதுதானே?

இல்லை. பொம்மலாட்டத்தில் பொம்மை நிஜமாகவே ஆடுகிறது, கயிற்றின் மறுமுனையில் ஒரு கை இருக்கிறது. ஸ்டாப் மோஷனில் கேமரா பார்க்கும்போது பொம்மை அசைவதே இல்லை. சும்மா நிற்கும் பொம்மையை ஒரு படம் எடுக்கிறார்கள். அனிமேட்டர் உள்ளே போய் அதன் கையை மயிரிழை நகர்த்திவிட்டு விலகிக்கொள்கிறார். அடுத்த படம். இப்படிச் சேர்த்த படங்களை நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் பொம்மை கையைத் தூக்குகிறது. ஒரே நிலையை இரண்டு ஃபிரேம்களுக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படிச் செய்தாலும் நொடிக்கு 12 முறை பொம்மையைத் தொட்டாக வேண்டும்.

பொம்மைக்குள்ளே ஆர்மேச்சர் என்ற எலும்புக்கூடு இருக்கும். சாதாரணமாக முறுக்கிய கம்பி, பெரிய படங்களில் குண்டு மூட்டு வைத்த எஃகு. அதன் மேல் சிலிக்கோன், நுரை ரப்பர், பிளாஸ்டிசின் களிமண், துணி என்று எதுவும் வரலாம்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, விரல் நீளக் களிமண் மனிதன் ஒருவனைக் கோப்பை தூக்க வைத்தேன். பொழுது சாயும்போது ஓட்டிப் பார்த்தால் ஐந்து நொடி இருந்தது. நடுவில் என் சட்டைக் கை பட்டுக் கோப்பை நூலளவு நகர்ந்திருக்கிறது. திரையில் அது துள்ளி விழுந்தது. இந்தப் படங்களில் ஒரு பாத்திரம் பெருமூச்சு விடுவதை அன்றிலிருந்து என்னால் அலட்சியமாகப் பார்க்க முடிந்ததில்லை.

டார்க் காமெடின்னா பேய்ப் படமா?

பேய்ப் படம் நம்மைப் பயமுறுத்துவதற்காக எடுக்கப்படுவது. டார்க் காமெடி சாவு, தனிமை, நோய், துரோகம் இவற்றை மறைக்காமல் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே சிரிப்பைத் தேடுவது. எலும்புக்கூடு வந்து பல்லை இளித்தால் மட்டும் போதாது. அந்த எலும்புக்கூட்டுக்கும் நம்மைப் போலவே கல்யாணக் கவலையும் வேலைச் சலிப்பும் இருக்க வேண்டும்.

பொம்மைப் படம்னாலே குழந்தைங்க படம்தானே? இதுல சாவும் கள்ளக் காதலும் எப்போ வந்துச்சு?

ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. போலந்துக் குடும்பம் ஒன்றில் 1882ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தவர் விளாடிஸ்லாவ் ஸ்டாரேவிச். பூச்சிகள் மேல் தீராத ஆசை கொண்டவர். லிதுவேனியாவின் கௌனஸ் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தபோது, இரண்டு கொம்பு வண்டுகள் மோதிக்கொள்வதைப் படமெடுக்கப் பார்த்தார். அவை இரவில் திரியும் வண்டுகள். விளக்கைப் போட்டதும் அசையாமல் கிடந்துவிட்டன. ஸ்டாரேவிச் செத்த வண்டுகளை எடுத்தார், கால்களைக் கழற்றினார், கம்பியும் மெழுகும் வைத்து மறுபடி பொருத்தினார், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி 1910இல் அந்தச் சண்டையை எடுத்தே விட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவர் எடுத்த ‘ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்’ இன்றைக்குப் பார்த்தாலும் திகைப்பாக இருக்கிறது. ஒரு வண்டுக் கணவன் வேலை என்று சொல்லிவிட்டு நகரத்துக்குப் போய், நடனமாடும் தும்பியோடு சுற்றுகிறான். அதே தும்பியை விரும்பிய வெட்டுக்கிளி ஒருவன் விடுதி அறையின் சாவித் துவாரம் வழியே இருவரையும் படம்பிடித்துவிடுகிறான். வீட்டில் மனைவிக்கும் ஒரு காதலன், அவன் ஓவியன். கணவன் திரும்பி வந்து கையும் களவுமாகப் பிடித்து ஆத்திரப்பட்டு, பிறகு பெரிய மனது பண்ணி மன்னித்து, மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே திரையில் ஓடுவது அவனுடைய விடுதி அறை! படம் ஓட்டுபவன் அந்த வெட்டுக்கிளி.

இதில் நடித்தவை எல்லாம் செத்த பூச்சிகள். பூச்சிகளுக்கு யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் நம்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். பிணங்களை வைத்துக் குடும்ப வாழ்க்கையின் பொய்களைச் சொல்லி நூறு வருடத்துக்கு முன்பே ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறார் மனிதர். எனவே இந்தக் கலைக்குள் இருட்டு பின்னால் வந்து நுழைந்தது என்று நான் நினைக்கவில்லை. அது பிறந்த வீடே அதுதான்.

அந்தப் பொம்மைங்களைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. உயிருள்ளதுபோல் தெரியும் ஒன்றுக்கு நிஜமாகவே உயிர் இருக்கிறதா, உயிரில்லாதது என்று நினைத்தது விழித்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் மனத்தைக் குடைவது பற்றி ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906இலேயே எழுதிவிட்டார். 1919இல் ஃபிராய்ட் அதை எடுத்துக்கொண்டு நீளமாக விவாதித்தார். ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் இன்னொரு பக்கமிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். மனித உருவத்துக்கு நெருங்க நெருங்கப் பொம்மை நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், ஏறக்குறைய மனிதன் என்ற இடம் வந்ததும் அந்தப் பிடிப்பு சட்டென்று அருவருப்பு என்ற பள்ளத்தில் விழும் என்றார்.

நல்ல ஸ்டாப் மோஷன் படைப்பாளிகள் அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறார்கள். தலை பூசணி அளவு, கால் குச்சி அளவு என்று பொம்மையைப் பொம்மையாகவே வைக்கிறார்கள். பிறகு அந்தச் சங்கடத்தை வேண்டிய இடத்தில் மட்டும் அவிழ்த்து விடுகிறார்கள். ஹென்றி செலிக் இயக்கிய ‘கோரலைன்’ (2009) படத்தில் ஒரு சிறுமியின் கண்களுக்குப் பதிலாகப் பொத்தான்களைத் தைக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி. ஊசியும் நூலும் பொத்தானும் மேசைமேல் இருக்கின்றன. பார்ப்பவர்கள் நெளிகிறார்கள். யோசித்துப் பாருங்கள், பொம்மைக்குப் பொத்தான் கண் இருப்பதுதானே வழக்கம்? அந்தச் சிறுமியும் ஒரு பொம்மைதானே? அவளை நாம் மனுஷியாக ஏற்றுக்கொண்டு வெகுநேரமாகிவிட்டது என்பது அந்த ஊசியைப் பார்த்த பிறகுதான் நமக்கே தெரிகிறது.

பயமும் சிரிப்பும் எப்படிங்க ஒண்ணா வரும்? ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிடாதா?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. நகை, அதாவது சிரிப்பு, முதலில் வருகிறது, அச்சம் ஐந்தாவது. இரண்டுக்கும் நடுவில் மருட்கை என்று ஒன்று இருக்கிறது, வியப்பு. அந்த வியப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது நூல்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறுமை என்றால் சின்னதாக இருப்பது. ஆக்கத்தை, ஒன்று இன்னொன்றாக மாறுவது என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்டாப் மோஷன் இந்த இரண்டாலேயே ஆனது. எல்லாம் கைக்குள் அடங்கும் அளவு, எல்லாம் ஒன்று மற்றொன்றாகும் வித்தை. நாற்காலி நடக்கும், களிமண் காதலிக்கும்.

அந்த வியப்பு நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை பயமும் சிரிப்பும் அதன் இரண்டு கைகளைப் பிடித்து நடந்துவரலாம். நிஜ நடிகர் ஒருவரின் கை அறுந்து விழுந்தால் சிரிப்பு வராது, உடம்பு கூசும். கையால் வரைந்த கார்ட்டூனில் விழுந்தால் பயம் வராது, அது வெறும் கோடு. பொம்மையின் கை விழும்போது இரண்டும் அரை அரையாக வருகின்றன. நிஜமான ஒரு பொருள் நிஜமாகவே கழன்று விழுந்திருக்கிறது என்று கண் சொல்கிறது, யாருக்கும் வலிக்கவில்லை என்று மனம் சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பீறிடுகிறது.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிருள்ள மனிதன் இயந்திரம்போல் நடந்துகொண்டால் சிரிப்பு வரும் என்பது அதன் மையம். இந்தப் படங்கள் அதைத் தலைகீழாக்குகின்றன. உயிரற்ற ஒன்று மனிதன்போல் வெட்கப்படுகிறது, பொய் சொல்கிறது, சாகப் பயப்படுகிறது. சாவுக்குப் பயப்படும் பொம்மையைவிடச் சிரிப்பானதும் பரிதாபமானதும் வேறென்ன இருக்க முடியும்? அது ஏற்கெனவே உயிரில்லாதது!

அசைவு ஏன் லேசா வெட்டி வெட்டி நடுங்குது? அதைச் சரி பண்ண முடியாதா?

முடியும். பல பெரிய ஸ்டுடியோக்கள் கண்ணாடிபோல் வழுக்கும் அசைவைக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் அந்த நடுக்கம் அனிமேட்டரின் விரல் பட்ட தடம். 1933இல் வந்த ‘கிங் காங்’ குரங்கின் உடம்பில் ரோமம் காற்றடித்ததுபோல் அலைவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையைப் பிடித்த விரல்கள் கலைத்த ரோமம் அது. வெஸ் ஆண்டர்சன் 2009இல் நரியை வைத்து எடுத்த படத்தில் அந்த அலைவு இருக்கட்டும் என்றே நிஜ ரோமத்தைப் பயன்படுத்தினார். எனக்கும் அதுதான் பிடிக்கும். யாரோ ஒருவர் அந்த உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது கதையோடு சேர்ந்து ஓடுகிறது.

இதையே கம்ப்யூட்டர்ல பண்ணிட்டா என்ன குறைஞ்சிடும்?

கணினியை எதிரியாகப் பார்க்க வேண்டாம். ‘கோரலைன்’ பாத்திரங்களின் முகங்களை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்து, நெற்றிப் பகுதி வேறு, வாய்ப் பகுதி வேறு என்று மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். இரண்டும் சேரும் கோட்டைப் பிறகு கணினியில் அழித்தார்கள். அதற்கு நேர் எதிராக, ‘அனோமலிசா’ (2015) எடுத்தவர்கள் அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டார்கள். கண்களைச் சுற்றி முகத்தில் ஒரு பிளவு படம் முழுக்கத் தெரிகிறது. வாழ்க்கையில் எல்லோரும் ஒரே ஆளாகத் தெரியத் தொடங்கிவிட்ட ஒருவனின் கதை அது. இரண்டு பேரைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் ஒரே ஆணின் குரல். அந்தக் கதையில் முகம் ஒரு மூடி என்பது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பது எவ்வளவு கொடுமை, எவ்வளவு பொருத்தம்!

கணினியில் எதையும் எத்தனை முறையும் உடைக்கலாம், மீட்கலாம். மேசைமேல் இருக்கும் பொம்மைக்குக் கனம் உண்டு, நிழல் உண்டு, அது அழுக்காகும், நைந்துபோகும். சாவைப் பற்றிய கதையை அழியக்கூடிய பொருளால் சொல்லும்போது, பொருளே கதையின் பக்கம் நின்று சாட்சி சொல்கிறது.

பொம்மை எப்படிங்க நடிக்கும்? முகமே அசையலையே?

நடிப்பில் பாதி கண்ணில்தான். மணிபோல் உருண்டையான கண்ணில் கண்மணி இருக்கும் இடத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை வைத்திருப்பார்கள். குண்டூசியை விட்டு அதை உருட்டுவார்கள். கண்மணி ஒரு இழை மேலே போனால் யோசனை, ஓரத்துக்குப் போனால் திருட்டுத்தனம். வாயைப் பொறுத்தவரை பலர் முகத்தையோ தலையையோ அப்படியே மாற்றிவிடுவார்கள். 1993இல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தின் எலும்பு நாயகனுக்குச் சுமார் 400 தலைகள் செய்தார்கள்.

ஆனால் முகமே இல்லாமலும் முடியும். அதே 1993இல் நிக் பார்க் எடுத்த ‘தி ராங் ட்ரௌசர்ஸ்’ அரை மணி நேரப் படம். அதில் ஒரு பெங்குவின் வாடகைக்கு அறை கேட்டு வருகிறது. அதற்குப் புருவம் இல்லை, சிரிக்கவோ முறைக்கவோ தெரியாது. கறுப்பு மணிபோல் இரண்டு கண்கள், அவ்வளவுதான். அது கதவருகே வந்து நிற்கும். திரும்பும். மறுபடி நிற்கும். மற்ற பொம்மைகள் எல்லாம் அசைந்துகொண்டே இருக்கும் உலகத்தில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் முதுகுத்தண்டு சில்லென்று ஆகிறது. அந்தப் பெங்குவின் கொள்ளைக்காரன், தலையில் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோழி வேஷம் போடுகிறவன். அந்தக் கையுறையைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் அந்தக் கண்கள் நம்மைப் பார்த்துவிடும்.

ஒரு பொருளை அசைய வைப்பது எல்லோருக்கும் வரும். எங்கே அசைக்காமல் விட வேண்டும் என்று தெரிந்தவர்தான் அனிமேட்டர்.

இந்தப் படமெல்லாம் டிம் பர்ட்டன் எடுத்ததுதானே?

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ கதையும் தயாரிப்பும் பர்ட்டனுடையவை, இயக்கியவர் ஹென்றி செலிக். ‘கோரலைன்’ படத்துக்கும் பர்ட்டனுக்கும் சம்பந்தமே இல்லை. ‘கார்ப்ஸ் பிரைட்’ (2005) படத்தைப் பர்ட்டன் மைக் ஜான்சனோடு சேர்ந்து இயக்கினார். செலிக்கின் பெயரைச் சொல்லும்போது ‘யார் அவர்?’ என்று கேட்கிறார்களே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

தனிமை, மன நோய், தற்கொலை எண்ணம்... இதையெல்லாம் வெச்சுச் சிரிக்கிறது தப்பில்லையா?

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் ஆடம் எலியட் எடுத்த ‘மேரி அண்ட் மேக்ஸ்’ (2009) படத்தைச் சொல்கிறேன். மெல்போர்ன் புறநகரில் எட்டு வயதுச் சிறுமி மேரி, நியூயார்க்கில் 44 வயது மேக்ஸ். இருவரும் கடித நண்பர்கள். அவளுடைய உலகம் பழுப்பு நிறத்தில், அவனுடையது சாம்பல் நிறத்தில். மேக்ஸுக்கு ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை இருக்கிறது, மனிதர்களின் முகக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாது. அவன் வளர்க்கும் தங்கமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகின்றன, அடுத்ததற்கு அதே ஹென்றி என்ற பெயரை அரசர்களுக்குப் போடுவதுபோல் எண் போட்டு வைக்கிறான். ஜன்னலில் இருந்த ஏசி பெட்டி விழுந்து கீழே ஊமைக்கூத்து ஆடிக்கொண்டிருந்த ஒருவர் செத்துப்போகிறார். இதற்கெல்லாம் திரையின் முன் சிரிப்பு வெடிக்கும், நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆனால் மேக்ஸின் நிலையைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை. உலகம் அவன்மேல் விழும் விதத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், அதில் தங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறார்கள். எலியட்டுக்கு நியூயார்க்கில் அப்படி ஒரு கடித நண்பர் நிஜமாகவே உண்டு, இருபது வருடத்துக்கு மேலான பழக்கம். அந்த அன்பு இல்லாமல் அந்தப் பாத்திரத்தின் நெற்றிச் சுருக்கத்தைக்கூட அப்படிப் பிசைந்திருக்க முடியாது. இந்தக் கலையில் அவசரக் கேலிக்கு இடமில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு பாத்திரத்தை வருடக்கணக்கில் தினமும் கையால் தொட்டு நிமிர்த்தி உட்கார வைக்கிறவருக்கு அதை வெறுக்க வராது.

மனம் நொந்திருக்கும் நேரத்தில் இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கூட ஒருவர் இருக்கட்டும்.

அரசியல் பேசுற ஸ்டாப் மோஷன் இருக்கா, இல்ல எல்லாம் சொந்த சோகம்தானா?

செக் நாட்டின் இர்ஜி டிரன்கா 1965இல் ‘கை’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். ஒரு குயவன் தன் செடிக்காகத் தொட்டி செய்துகொண்டிருக்கிறான். கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ராட்சதக் கை வருகிறது. தொட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய் என்கிறது. அவன் மறுக்கிறான். கெஞ்சுகிறது, பரிசு கொடுக்கிறது, கடைசியில் கூண்டில் அடைக்கிறது. தப்பி ஓடிவரும் அவன் தலையில் அவனுடைய பூந்தொட்டியே விழுந்து செத்துப்போகிறான். அந்தக் கை அவனுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது! டிரன்கா 1969இல் இறந்தார், அதன் பிறகு அந்தப் படம் தடைசெய்யப்பட்டது.

அந்தக் கை பொம்மைக் கை இல்லை, கையுறை போட்ட நிஜ மனிதக் கை. ஸ்டாப் மோஷனில் பொம்மையை நகர்த்தும் கை எப்போதும் திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும். டிரன்கா அதை உள்ளே கொண்டுவந்து, பொம்மையை ஆட்டுவிப்பது எது என்று காட்டிவிட்டார். சர்வாதிகாரத்தைப் பற்றி இதைவிடக் கச்சிதமான ஒரு உருவகத்தை வேறு எந்த வகைப் படத்திலும் நான் பார்த்ததில்லை. சிலி நாட்டிலிருந்து 2018இல் வந்த ‘ஓநாய் வீடு’ இன்னொன்று. அங்கே ஜெர்மானியர்கள் நடத்திய ‘கொலோனியா டிக்னிடாட்’ என்ற கொடுமைக் குடியிருப்பை மனத்தில் வைத்து எடுத்தது. அதில் சிரிப்பு மிகக் குறைவு, இருட்டு மிக அதிகம். முதலில் அதைப் பார்க்க வேண்டாம்.

ஒரு படத்துல கதையே இல்ல. களிமண்ணு களிமண்ணைத் தின்னுது. அதுல என்ன இருக்கு?

செக் இயக்குநர் யான் ஷ்வாங்க்மாயரின் ‘உரையாடலின் பரிமாணங்கள்’ (1982) படத்தைக் கேட்கிறீர்கள். அதன் நடுப்பகுதியை மட்டும் மறுபடி பாருங்கள். மேசையின் இருபுறமும் ஓர் ஆண், ஒரு பெண், இருவரும் களிமண். தொடுகிறார்கள், முத்தமிடுகிறார்கள், இரண்டு உடம்பும் குழைந்து ஒரே களிமண்ணாகிறது. பிறகு பிரிந்து பழையபடி உட்காருகிறார்கள். மேசைமேல் ஒரு சிறு களிமண் உருண்டை மிச்சம். அது யாருடையது? அந்த உருண்டை ஒருவரை நெருங்கித் தொடுகிறது, தள்ளிவிடுகிறார். மற்றவரிடம் போகிறது, அவரும் தள்ளுகிறார். கடைசியில் அதை எடுத்து ஒருவர் முகத்தில் மற்றவர் எறிந்து, நகத்தால் கிழித்து, இருவரும் மறுபடி ஒரே களிமண்ணாகிறார்கள், இம்முறை வெறுப்பில்.

இதில் கதை இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த உருண்டைக்குக் கண் இல்லை, வாய் இல்லை. அது ஏங்குகிறது என்று எனக்குத் தெரிகிறது. மெய்ப்பாட்டியலை வைத்து மேலே ஆக்கம் என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இருட்டா, கோணல்மாணலா எடுத்துட்டாலே நல்ல படம் ஆயிடுமா?

ஆகாது. சுருண்ட மரம், தையல் போட்ட முகம், சாம்பல் வானம் இவற்றை மட்டும் கடன் வாங்கி எடுத்த படங்கள் நிறைய உண்டு. அவற்றில் இருட்டு சுவரில் ஒட்டிய தாள்போல் இருக்கிறது, கிழித்தால் பின்னால் ஒன்றும் இல்லை. பாத்திரத்துக்கு இழக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வண்டுக் கணவனுக்கு மானம் இருந்தது, குயவனுக்குச் செடி இருந்தது, மேக்ஸுக்கு ஒரே ஒரு தோழி இருந்தாள்.

குழந்தைங்களுக்குக் காட்டலாமா?

எல்லாவற்றையும் இல்லை. நிக் பார்க்கின் படங்களைத் தயங்காமல் காட்டலாம். ‘கோரலைன்’ சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு, அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்தால். அந்தப் படத்தில் பெரியவர்கள் நெளிவதும் சிறியவர்கள் உற்சாகமாகப் பார்ப்பதும் உண்டு. பிள்ளைகள் அதை ஒரு துணிச்சலான சிறுமியின் கதையாகப் பார்க்கிறார்கள், பெற்றோர் ஒரு பிள்ளையை இழக்கும் கதையாக. ‘மேரி அண்ட் மேக்ஸ்’, ‘அனோமலிசா’, ஷ்வாங்க்மாயர் எல்லாம் பெரியவர்களுக்கு. பொம்மை இருக்கிறதே என்று நம்பி அவற்றைக் குழந்தைகளுக்கு முன் ஓடவிட்டு விடாதீர்கள்.

எதுல ஆரம்பிக்கலாம்?

‘தி ராங் ட்ரௌசர்ஸ்’. அடுத்து ‘கோரலைன்’. பிறகு ஸ்டாரேவிச்சின் வண்டுகள், பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம்தான். மனம் தயாரானதும் ‘மேரி அண்ட் மேக்ஸ்’. அது பிடித்துவிட்டால் எலியட்டின் ‘மெமோயர் ஆஃப் எ ஸ்நெயில்’ (2024), கணினி வரைகலை துளிகூட இல்லாமல் முழுக்கக் கையால் செய்தது.

ஒரே படத்துக்கு வருஷக்கணக்கா உட்கார்ந்து பொம்மையை நகர்த்துறாங்களே, அவங்களுக்கு என்ன கிடைக்குது?

ஃபில் டிப்பெட் என்ற அமெரிக்கக் கலைஞர் ‘மேட் காட்’ படத்தை 1990 வாக்கில் தொடங்கி, நடுவில் பல வருடங்கள் கிடப்பில் போட்டு, 2021இல் முடித்தார். முப்பது வருடம். நரகத்துக்குள் இறங்கிப் போகும் ஒருவனின் கதை. அதில் உழைத்து உழைத்து நசுங்கிச் சாகும் சின்னச் சின்ன மனித உருவங்கள் கூட்டம் கூட்டமாக வரும். பார்க்கிறவர் சிரிப்பதா அழுவதா என்று திண்டாடுவார். ஒரு நொடியில் நசுங்கிப்போகும் உருவத்தை ஒருவர் உட்கார்ந்து செய்து, நிறுத்தி, நடக்கவைத்திருக்கிறார்.

என்ன கிடைக்கிறது என்பதற்கு என் ஐந்து நொடிக் களிமண் மனிதனை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். ஓட்டிப் பார்க்கும்வரை அவன் வெறும் மண். ஓட்டிய முதல் முறை அவன் கோப்பையைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தான். நான் அப்படிச் சாய்க்க நினைக்கவே இல்லை. கழுத்துக் கம்பி தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் திரையில் அது அவனுடைய யோசனையாக இருந்தது. அதை எத்தனை முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

பொம்மைன்னு நல்லாத் தெரிஞ்சும் அது செத்தா ஏன் அழுகை வருது?

பயமும் சிரிப்பும் பற்றிச் சொன்ன பதிலில் இதன் பாதி இருக்கிறது. மீதி இது. திரைப்பட நடிகர் செத்ததாக நடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போவார், அது நமக்குத் தெரியும். பொம்மை சாவதுபோல் நடிப்பதே இல்லை. கைகள் அதைத் தொடுவதை நிறுத்துகின்றன, அவ்வளவுதான். அதுவரை நொடிக்கு 12 முறை, 24 முறை யாரோ அதைத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் அது மூச்சு விட்டது, கண் சிமிட்டியது. சாகும் காட்சியில் திரையில் இருப்பது ஆரம்பத்திலிருந்தே அது என்னவாக இருந்ததோ அதுதான், அசையாத ஒரு பொருள். இத்தனை நேரம் உயிராகப் பார்த்த ஒன்றை இப்போது பொருளாகப் பார்க்க நம் மனம் ஒப்பவில்லை.

படம் முடிஞ்சப்புறம் அந்தப் பொம்மைங்க என்ன ஆகும்?

சில பொம்மைகள் அருங்காட்சியகத்துக்கும் கண்காட்சிக்கும் போகின்றன. சில ஏலத்துக்கு. நுரை ரப்பர் பொம்மைகள் அதிக காலம் தாங்காது. காய்ந்து, வெடித்து, பொடியாக உதிரும். களிமண்ணைப் பல சமயம் பிசைந்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். 1933ஆம் ஆண்டு ‘கிங் காங்’ குரங்கின் ரோமமும் ரப்பரும் எப்போதோ அழிந்துவிட்டன. உள்ளிருந்த உலோக எலும்புக்கூடுகளில் ஒன்று 2009இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது.

சின்ன ஸ்டுடியோக்களில் இன்னும் எளிமையாக முடிந்துவிடும். கத்தரிக்கோலால் தோலைப் பிளந்து ஆர்மேச்சரை வெளியே எடுப்பார்கள். மூட்டுகளைத் துடைத்து, தளர்ந்த திருகுகளை முடுக்குவார்கள். அதே எலும்புகளின் மேல் அடுத்த படத்தின் ஆளுக்கு உடம்பு போடத் தொடங்குவார்கள்.